ஒரு தடவை கூப்பிட்ட குரல்

கட்டிச் சொன்னது இல்லை இது. நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிட்டு வேறு வேலை பார்க்கலாம். 1955-ஆம் வருஷம் மே மாதம் பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை. நேரம்கூடச் சரியாகச் சொல்லலாம். அன்றைக்குச் சவாரி வந்தவர் கையில் கடிகாரம் கட்டியிருந்தார். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அதைப் பார்த்துக்கொண்டும் இருந்தார்.

பேய் என்றால் ராத்திரியில்தான் வரும் என்று நினைத்துக்கொண்டு பகலில் தைரியமாகத் திரிகிறவர்கள் இருக்கிறார்கள். இது உச்சி வெயிலில் நடந்தது. அவனவன் நிழல் அவனவன் காலடியிலேயே சுருண்டு கிடக்கிற நேரம்.

கங்கப்பன் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஜட்கா ஓட்டினவன். ஐம்பத்தைந்து வயசு. மனுஷர்களை நம்பாதவன். சவாரி ஏறுகிறவர்களை நம்பமாட்டான், பக்கத்து வீட்டுக்காரர்களை நம்பமாட்டான், கூடப் பிறந்த அண்ணனையே நம்பமாட்டான். அவனுக்குப் பிறந்தது நாலு. மூன்றை அம்மையும் காய்ச்சலும் கொண்டுபோயின. பெண்டாட்டியும் போய்விட்டாள். மிச்சம் இருந்தது முனிலட்சுமி ஒருத்திதான். பதினாறு வயசு. ஆனி மாசம் பாரூரில் ஒரு பையனுக்குக் கொடுப்பதாகப் பேச்சு முடிந்திருந்தது. அதுவரைக்கும் அவளைப் பத்திரமாகக் காப்பாற்றிக் கையில் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும். அவனுக்கு உலகத்தில் வேறு கவலை கிடையாது. வீட்டில் தனியாக விட்டுவிட்டுப் போக மனசு வராது. அதனால் சவாரி எங்கே போனாலும் அவளையும் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போவான்.

கோடையில் சவாரி எல்லாம் கோட்டை பங்களாவுக்குத்தான். டவுனில் இருந்து நாலு மைல். எந்தத் திசையில் என்று கேட்க வேண்டாம். வெள்ளைக்காரத் துரை ஒருத்தன் எந்தக் காலத்திலோ தன் ஊரில் இருக்கிற மாதிரியே கட்டிக்கொண்டது. மூலைக்கு மூலை வட்டக் கோபுரம், மேலே கூம்பிய ஜன்னல்கள், சுற்றிலும் அகழி, அகழிமேல் கல் பாலம், குளிர்காய ஆள் உயரத்துக்குச் சுவரில் அடுப்பு. இந்த ஊர் வெயிலில் குளிர்காய்வதற்கு. துரை நாலு வருஷம்கூட அங்கே இருக்கவில்லை. கூரை போய்விட்டது, கதவு போய்விட்டது, கல் மட்டும் நிற்கிறது. அந்தக் கல்லைச் சுமந்தவர்களில் கங்கப்பனின் தாத்தாவும் ஒருத்தர். அவர் பேர் எங்கேயும் எழுதி இல்லை. பெங்களூர்க்காரர்கள் கப்பல் ஏறாமலே சீமையைப் பார்த்துவிடலாம் என்று பஸ் ஏறி வருவார்கள். சுவரில் தங்கள் பேரைக் கரியால் எழுதிவிட்டுப் போவார்கள்.

அன்றைக்கு வந்தவர்கள் இரண்டு பேர். தீர்த்தகிரி, பெங்களூர் மில் ஒன்றில் கிளார்க். அவர் சம்சாரம் சரோஜம்மாள். கல்யாணமாகி ஆறு மாசம். காலை பத்தேகாலுக்குக் கோட்டையில் இறங்கினார்கள். திரும்பிப் போக ஒன்றேகால் மணி பஸ்.

கங்கப்பன் குதிரையை அகழிக்கு இந்தப் பக்கம் புளியமரத்தில் கட்டினான். முனிலட்சுமி மோர்ப்பானையை எடுத்துக்கொண்டு வாசல் வளைவின் நிழலில் உட்கார்ந்தாள். இரண்டு கையிலும் பச்சை வளையல். வருகிறவர்களுக்கு மோர் விற்பாள். சரோஜம்மாள் இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தாள்.

"இவ்ளோ பெரிய எடத்துல தனியா ஒக்காந்திருக்கியே, பயமா இல்லையா?"

"அப்பா இருக்கறாருங்கக்கா," என்றாள் முனிலட்சுமி.

பதினொன்றரைக்கு கங்கப்பன் பாலத்தில் நின்று மூன்று தடவை கூப்பிட்டான். "லச்சுமி. லச்சுமி. லச்சுமி."

"ஏம்பா?"

"உச்சி ஆவுது. பானையைத் தூக்கிக்கிட்டு வா."

"உள்ள போயி பானையக் கழுவிட்டு வரம்பா."

அந்த மூன்று தடவைக்குக் காரணம் இருக்கிறது. உச்சிப்பொழுதில் அந்தக் கோட்டையில் பேர் சொல்லியோ முறை சொல்லியோ ஒரு குரல் கூப்பிடும் என்பது அக்கம்பக்கத்து ஊர் அத்தனைக்கும் தெரியும். பெற்றவள் குரலில் கூப்பிடும், பிள்ளை குரலில் கூப்பிடும். ஒரு தடவைதான் கூப்பிடும். செத்ததுக்கு மூச்சு ஒரு தடவைக்குத்தான் வரும் என்பார்கள். அதனால் உயிரோடு இருக்கிறவர்கள் அந்த நேரத்தில் மூன்று தடவை கூப்பிட வேண்டும். மூன்றாவது காதில் விழாமல் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. நாலு வருஷத்துக்கு முன்னால் விறகு பொறுக்க வந்த ஒருத்தன் முதல் குரலுக்கே 'ஓய்' என்றான். எழுந்து போனான். சாயங்காலம் கோபுரத்தடியில் கிடந்தான்.

கங்கப்பன் இதை மகளுக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து சொல்லி வைத்திருந்தான்.

பன்னிரண்டு மணிக்குத் தீர்த்தகிரியும் சரோஜம்மாளும் புளியமரத்துக்கு வந்தார்கள். முனிலட்சுமி இன்னும் வரவில்லை.

"என்ன பெரியவரே, கௌம்பலாமா? பஸ்ஸு போயிடும்."

"பொண்ணு வந்துரும் சார்."

காற்று இல்லை. இலை அசையவில்லை. குதிரை வாலை ஆட்டி ஈ ஓட்டுகிற சத்தம் மட்டும்.

பன்னிரண்டு எட்டு.

"அப்பா…"

கோட்டைக்குள்ளிருந்து வந்தது. அதன் பின்னாலேயே, ரொம்ப உள்ளே, ஏதோ சரிந்து விழுகிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் ஒன்றும் இல்லை.

சரோஜம்மாள் திரும்பினாள். "உங்க பொண்ணு கூப்பிடுது."

கங்கப்பன் அசையவில்லை.

"ஏங்க, உங்களத்தான். காதுல விழலையா?"

"வுழுந்துச்சும்மா. ஒரு தடவைதான கூப்புட்டுச்சு."

"அவ கொரல் மாதிரியே இருந்துச்சே."

"அவ கொரல் மாதிரிதாம்மா இருக்கும். இல்லன்னா எவன் எழுந்திரிச்சுப் போவான்?"

தீர்த்தகிரி சிரித்தார். விஷயத்தைக் கேட்டதும் இன்னும் சிரித்தார். "நீங்க இருங்க பெரியவரே, நான் போயி பாத்துட்டு வரேன். பேயா இருந்தா ஒரு டம்ளர் மோர் வாங்கியாரேன்."

இரண்டு அடி வைத்திருப்பார். கங்கப்பன் அவர் மணிக்கட்டைப் பிடித்தான். முப்பது வருஷம் கடிவாளம் பிடித்த கை.

"போவாதீங்க சார். உங்களக் கூட்டியாந்தவன் நானு. உங்க சம்சாரத்துக்கு நாந்தான் பதில் சொல்லணும். எம்பொண்ணுன்னா மூணு தடவை கூப்புடுவா. நான் அப்படித்தான் வளத்திருக்கறேன்."

சரோஜம்மாளின் முகம் மாறிவிட்டது. "வேண்டாங்க," என்றாள் புருஷனிடம். "போவாதீங்க."

மூன்று பேரும் நின்றார்கள். இரண்டாவது குரலுக்காகக் காத்து நின்றார்கள்.

வரவில்லை.

பன்னிரண்டு பதினாலுக்கு முனிலட்சுமி வாசல் வளைவிலிருந்து வெளியே வந்தாள்.

"பாத்தீங்களா?" என்றான் கங்கப்பன். நெஞ்சில் இருந்து ஒரு மூட்டையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது அவனுக்கு. "போயிருந்தீங்கன்னா என்னா ஆயிருக்கும்?"

தீர்த்தகிரி தலையைக் குனிந்துகொண்டார்.

வாசலுக்கும் பாலத்துக்கும் நடுவே வெறும் பாறை. அந்த நேரத்தில் அதில் பொரி வறுக்கலாம். முனிலட்சுமி காலில் செருப்பு இல்லை. எப்போதும் பாதத்தைத் தூக்கித் தூக்கிக் குதித்துக்கொண்டுதான் அதைத் தாண்டுவாள். அன்றைக்கு மெதுவாக நடந்து வந்தாள். தாவணியைத் தலைமேல் இழுத்து விட்டிருந்தாள். கையில் பானை இல்லை.

"பானை எங்கடி?"

அவள் வண்டியைச் சுற்றி முன்பக்கம் வந்தாள்.

"ஒடச்சிட்டியா? சரி, ஏறு. பொழுதாச்சு."

அவள் முன்பலகையில் அவளுடைய வழக்கமான இடத்தில் ஏறி உட்கார்ந்தாள். குதிரையின் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜட்கா ஓட்டுகிறவனுக்குக் கண்ணைவிடக் கை பெரிசு. பின்னால் பாரம் ஏறினால் வண்டி பின்பக்கம் சாயும். குதிரையைப் பூட்டுகிற முன்மரம் மேலே தூக்கும், குதிரை வயிற்றுவார் இறுகும். அதனால்தான் சவாரி ஏறுகிறவர்களிடம் முன்னால் தள்ளி உட்காரச் சொல்கிறது. முனிலட்சுமி முன்பலகையில் இருந்தால் அந்தத் தொல்லையே கிடையாது. பின்னால் இரண்டு பேர் இருந்தாலும் வண்டி தராசு மாதிரி நிற்கும்.

அன்றைக்கு நிற்கவில்லை.

"சார், கொஞ்சம் முன்னால வாங்க."

தீர்த்தகிரி நகர்ந்தார். சரோஜம்மாளுக்கு உள்ளே புழுக்கம். அவள் காற்றுக்காகக் காலைத் தொங்கவிட்டுப் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வண்டி பாலத்தைத் தாண்டி ரோட்டில் ஏறியது.

"சார், இன்னும் கொஞ்சம்."

"இன்னும் எங்க வரது? முன்னாலதான் உங்க பொண்ணு இருக்கே."

கங்கப்பன் முன்மரத்தைக் கையால் அழுத்திப் பார்த்தான். தூக்கிக்கொண்டுதான் இருந்தது. வார் ஏதாவது நழுவியிருக்கும் என்று நினைத்தான். மனுஷர்களைச் சந்தேகப்பட்டே பழகியவன். பெற்ற பெண்ணைச் சந்தேகப்பட அவனுக்குத் தோன்றவில்லை.

நடுவில் ஒரு மேடு. ஏற்றத்தில் குதிரைக்கு வாயில் நுரை தள்ளும். அன்றைக்குச் சும்மா ஏறியது.

ஒன்று ஐந்துக்கு பஸ் ஸ்டாண்ட். சரோஜம்மாள் இறங்கிச் சுற்றி வந்தாள். பையில் இருந்து ஒரு கமலா ஆரஞ்சை எடுத்து முனிலட்சுமியிடம் நீட்டினாள். அவள் கையை நீட்டவில்லை. பழம் நீட்டினபடியே கொஞ்ச நேரம் நின்றது.

"வெயிலு ஒத்துக்கல போல," என்றாள் சரோஜம்மாள் கங்கப்பனிடம். குரல் இறங்கியிருந்தது. "எங்களுக்கெல்லாம் துணி நனஞ்சு போச்சு. இவளுக்கு ஒரு சொட்டு வேர்வை இல்லையே."

பழத்தை கங்கப்பன் வாங்கிக்கொண்டான்.

ஒன்றரைக்கு வீடு. ஒரே அறை, ஒரே கதவு, ஜன்னல் கிடையாது. பக்கத்து வீட்டு வெங்கடம்மாள் தெருக்குழாயில் தண்ணீருக்கு நின்றிருந்தாள்.

"என்னா கங்கப்பா, பொண்ணு மொகமே காட்டாம போவுது? பாரூரு மாப்ளைய நெனச்சுக்கிட்டா?"

"தலநோவு. நீ ஒன் வேலயப் பாரு."

வெங்கடம்மாளும் பார்த்தாள். முனிலட்சுமி உள்ளே போனதைக் கண்ணால் பார்த்தாள். பிற்பாடு போலீஸிலும் அப்படித்தான் சொல்லிக் கைநாட்டு வைத்தாள்.

முனிலட்சுமி பாயில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கங்கப்பன் தலைமாட்டில் ஒரு சொம்பு தண்ணீரும் அந்த ஆரஞ்சும் வைத்தான். கதவைச் சாத்தினான். குதிரைக்குப் புல் போட்டுவிட்டுக் கதவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். சாயங்காலச் சவாரிக்குப் போகவில்லை. அவளை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை.

மணி மூன்று இருக்கும். திறந்து பார்த்தான். வைத்த இடத்தில் தண்ணீர். போட்ட மாதிரி அவள்.

நாலு மணி. மறுபடியும் பார்த்தான். அந்த வீட்டில் கோடையில் ஈ மொய்க்காத பொருள் கிடையாது. ஆரஞ்சின்மேல் ஈ. சொம்பின் வாயில் ஈ.

அவள்மேல் ஒன்றுகூட இல்லை.

"லச்சுமி," என்றான்.

தூங்கட்டும் என்று கதவைச் சாத்தினான். கோழி ஒன்று கத்திக்கொண்டு வந்தது. அவள் எழுந்துவிடப் போகிறாளே என்று கல்லை விட்டு விரட்டினான்.

உட்கார்ந்தான்.

தெருவில் சத்தமே இல்லை.

டவுன் பக்கம் ஏதோ ஆபீஸில் மணி அடித்தது. எண்ணினான். ஐந்து.

"அப்பா…"

வீட்டுக்குள்ளிருந்து.

அவன் வாயைத் திறக்கவில்லை. பழக்கம்.

"அப்பா…"

மெல்லிய குரல். தொண்டை வறண்ட குரல்.

"அப்… பா…"

மூன்று.

கதவைத் தள்ளினான்.

பாய் இருந்தது. சொம்பு இருந்தது.

அவள் இல்லை.

ஒரே கதவு… அதன் எதிரே அவன்.

குதிரையை எப்படிப் பூட்டினான் என்று அவனுக்கே தெரியாது. ஐந்தரைக்குக் கோட்டை வாசலில் இருந்தான். பாலத்திலிருந்தே கூப்பிட்டான். மூன்று தடவை, மூன்று தடவை என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே ஓடினான். பெரிய கூடத்தில் தரை பலகையால் போட்டது. அதன் கீழே துரை சாராயம் அடுக்கி வைத்த நிலவறை. பலகை ஓரிடத்தில் புதுசாக உடைந்திருந்தது. ஓட்டையைச் சுற்றி மோர்ப்பானைச் சில்லு. பானையில் மிச்சமிருந்த மோர் காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. குழிக்குள் எட்டிப் பார்த்தான். விழுந்த இடத்தில் அவள் இல்லை. புழுதியில் இழுத்த தடம் இருந்தது. அகழிப் பக்கத்துச் சுவர்வரை போயிருந்தது. அங்கே சுருண்டு கிடந்தாள்.

இறங்கி மடியில் எடுத்து வைத்தான். உடம்பில் சூடு இருந்தது. உயிர்தான் இல்லை.

அறுத்துப் பார்த்த டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். தொடை எலும்பு ஒன்றுதான் முறிந்திருக்கிறது. வேறு பெரிய காயம் கிடையாது. விழுந்தது மத்தியானம். ரத்தம் உள்ளுக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்திருக்கிறது. உயிர் போனது ஐந்து மணி சுமாருக்கு. மூன்று மணிக்குக் கொண்டுவந்திருந்தாலும் பார்த்திருக்கலாம்.

கங்கப்பனுக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. மகள் செத்து ஆவியாக வந்து வண்டியில் ஏறினாள் என்றால் அழுதுவிட்டுப் போகலாம். அவள் உயிரோடு அல்லவா கிடந்தாள், ஐந்து மணி வரைக்கும்.

"அப்ப என் வண்டியில வந்தது யாருங்க சார்?" என்று கேட்டான்.

டாக்டர் காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. இன்ஸ்பெக்டரிடம் கேட்டான். குடித்திருந்தாயா என்று அவர் திருப்பிக் கேட்டார். விபத்து என்று எழுதி மூடினார்கள். படித்தவர்களுக்குப் பதில் தெரியாவிட்டால் கேட்டவன் குடிகாரன்.

ஜூன் முதல் வாரத்தில் தீர்த்தகிரியையும் சரோஜம்மாளையும் வாக்குமூலத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். முடிந்ததும் விசாரித்துக்கொண்டு கங்கப்பன் வீட்டுக்கு வந்தார்கள். அவன் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். தீர்த்தகிரியை ஏறிட்டுப் பார்க்க அவனுக்கு முகம் இல்லை. அன்றைக்கு அவர் கையை அவன் பிடிக்காமல் இருந்திருந்தால் போதும்.

"பெரியவரே," என்றாள் சரோஜம்மாள். நின்றுகொண்டேதான் பேசினாள். "இவரு வேண்டான்னுதான் சொன்னாரு. எனக்குச் சொல்லாம இருக்க முடியல. போலீசுல சொல்லல. உங்ககிட்ட சொல்லிடறேன்."

"சொல்லும்மா."

"வண்டி பாலத்தத் தாண்டறப்ப நான் பின்னால பாத்துக்கிட்டுத்தான ஒக்காந்திருந்தேன்? அகழிச் சுவத்துல, கீழ, தரையோட தரையா ஒரு கம்பி ஜன்னல். அதுல இருந்து ஒரு கை வெளிய வந்துச்சு. பச்ச வளையல் போட்ட கை. வண்டியப் பாத்து வா வான்னு ஆட்டுச்சு."

கங்கப்பன் எழுந்தான். "ஏம்மா சொல்லல?"

"உங்க பொண்ணுதான் முன்னால ஒக்காந்திருக்குதே பெரியவரே. அப்ப அது பேயின்னுதான நெனப்பேன்? நான் கண்ண இறுக்கி மூடிக்கிட்டேன்."